ஒற்றைத் தண்டவாளம் ஒரு சாட்டா?

காலையில் கொடிகாமத்திலிருந்தும் தெல்லிப்பழையிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வருபவர்கள் பஸ்ஸில் படும் பாடு தெரிந்ததுதான். பாதை ஓரமாகவே தண்டவாளமும் ஓடுகிறது. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. பிறகேன் பாடசாலை நேரத்துக்கு உள்ளூர் ரெயில்களைக் கூட்டக்கூடாது என்று கேட்டால், "ஒற்றைத் தண்டவாளமல்லவா, இடமில்லை" என்பார்கள். இந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஒற்றைப் பாதையில் எத்தனை ரெயில் ஓடலாம் என்பதை, இரண்டு ரெயில்கள் ஒன்றையொன்று விலத்தக்கூடிய நிலையங்களுக்கு இடையிலான தூரமே தீர்மானிக்கிறது. அந்தத் தூரம் 12 கிலோமீற்றர், வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர் என வைப்போம். ஒன்று போக 12 நிமிடம், எதிரே மற்றது வர இன்னொரு 12. ஆக ஒரு சோடிக்கு 24 நிமிடம். நடுவில் விலத்துவதற்கு ஒரு கிளைப்பாதை போட்டால் அதே சோடிக்கு 12 நிமிடம் போதும். ஒரே திசையில் பின்தொடரும் ரெயிலுக்கு அதுகூட வேண்டாம். இடையில் ஒரு சமிக்ஞைக் கம்பம் இருந்தால், முன்னது அதைத் தாண்டியதும் பின்னதை விடலாம். புதிதாக ஒரு முழுப் பாதை போடும் செலவோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை.

இங்கிலாந்தில் 1874இல் தோர்ப்பில் இரண்டு ரெயில்கள் நேருக்கு நேர் மோதிய பிறகுதான் எட்வேர்ட் டையர் 'டெப்லட்' முறையை உருவாக்கினார். அந்த வட்டு கையில் இல்லாமல் சாரதி அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. இன்று அந்தக் காவலை மின்சுற்றும் கணினியும் செய்கின்றன. 2025 ஏப்ரல் 6இல் அநுராதபுரத்தில், மாஹோ–ஓமந்தைப் பாதையின் 128 கிலோமீற்றர் திருத்த வேலை நிறைவு விழாவோடு, மாஹோ–அநுராதபுரம் நவீன சமிக்ஞை வேலையும் தொடக்கி வைக்கப்பட்டது. நல்லது. ஆனால் தெற்கில் கிடைக்கும் நேரம் யாழ்தேவியைச் சற்று விரைவாகக் கொண்டுவருவதோடு நின்றுவிட்டால், கோண்டாவில் மாணவிக்கு அதனால் என்ன?

ரெயில் கூடினால் ஆபத்தும் கூடும் என்ற பயத்தை நான் தள்ளிவிடவில்லை. நமது ஒழுங்கைகள் பல, கதவோ காவலோ இல்லாமல் தண்டவாளத்தைக் கடக்கின்றன. அங்கே போன உயிர்கள் கொஞ்சமல்ல. ஆகவே முதலில் கடவைகளுக்கு மணியும் கதவும், அவை சமிக்ஞையோடு இணைந்தவையாக வரவேண்டும். அதன் பின் காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு ரெயில்களைக் கொடிகாமத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும்.