பெரியவர்களுக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும்



என் பருப்பு மண்டியில் முப்பது வருடமாகச் சரக்கு எடுத்துவந்த ஒரு மளிகைக் கடைக்காரர், கடையையும் வீட்டையும் மகன் பெயருக்கு தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்ந்தார். இரண்டே வருடத்தில் மாத்திரை வாங்கவும் மகனிடம் கைநீட்டும் நிலை. "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் கேப்பான்" என்று என்னிடம் வந்து நின்றார்.

போனேன். "பெரியவர், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் தம்பி" என்று பொதுவாகச் சொல்லி, காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். உள்ளதை எழுதுகிறேன். மகன் என் பேரேட்டில் பெரிய பாக்கி வைத்திருந்தார். மாதாமாதம் சரக்கும் எடுக்கிறார். அவர் மனம் கோணும்படி பேச எனக்கு வாய் வரவில்லை. பெரியவர் கேட்டது அனுசரணை அல்ல; மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையும், முன்னறையில் ஒரு கட்டிலும். இரண்டையும் நான் சொல்லவே இல்லை.

நம் பஞ்சாயத்துகளில் இந்தக் குறை எப்போதும் உண்டு. பேசப் போகிறவருக்கு இரண்டு பக்கமும் கணக்கு இருக்கும்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. நம் மாநிலத்தில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். தாமே கொடுக்க இயலாதவர், தாம் அதிகாரம் அளித்த வேறொருவர் மூலமோ, பதிவு பெற்ற தொண்டு அமைப்பு மூலமோ கொடுக்கலாம். பெற்றோர் விரும்பினால் பராமரிப்பு அலுவலரே அவர் சார்பில் பேச வேண்டும். விவரம் கேட்க 14567 என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது.

இன்னொன்று. செட்டில்மெண்ட் எழுதும்போதே "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். மகன் தவறினால், 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி கேட்க அது பெரிய பிடி. கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம்.

வீட்டு விஷயத்தைத் தெருவுக்கு இழுக்கலாமா என்பார்கள். எல்லாவற்றையும் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. பல வீடுகளில், பெரியவர் மனதில் உள்ளதை அவர் சொன்னபடியே மகனிடம் சொல்ல ஓர் ஆள் இருந்தாலே பாதி தீரும். அந்த ஆள் தீர்ப்பும் சொல்லக் கூடாது, புத்திமதியும் சொல்லக் கூடாது. "ஐயா, நான் என்ன பேச வேண்டும்?" என்று முதலில் பெரியவரிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றதைப் பேசக் கூடாது.

நம் சங்கத்தில் வியாபாரத்தை விட்டு ஒதுங்கிய மூத்த உறுப்பினர்கள் சிலர் இருக்கிறார்கள். யாரிடமும் கொடுக்கல் வாங்கல் இல்லாத இருவரை இதற்கென நியமிக்கலாம். அடுத்த செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். என் பெயரை யாரும் முன்மொழிய வேண்டாம்; எனக்கு இன்னும் மண்டி இருக்கிறது.