தண்டம் அறவிட முன்னர் இடத்தைக் காட்டுக!

உரத்துக்கும் உதிரிப்பாகத்துக்கும் வங்கி அலுவலுக்குமாக வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சி நகருக்கு வரும் கமக்காரன் தன் உழவு இயந்திரத்தை எங்கே நிறுத்துவது? நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினால் தண்டம் உண்டு என்பதை எவரும் மறுக்கார். ஆனால், நிறுத்தக்கூடிய இடம் எது என்பதை அவனுக்கு முன்கூட்டியே அறிவிப்பது ஆள்வோர் கடமையன்றோ?

தண்டச் சீட்டு எழுதப்பட்டால் சாரதி அனுமதிப்பத்திரம் பொலிஸார் கைக்குப் போய்விடும். தபாலகத்தில் பணங்கட்டி, பற்றுச்சீட்டுடன் மீண்டும் பொலிஸ் நிலையம் சென்றே அதனை மீட்க வேண்டும் என்பது நெடுங்கால வழமை. தண்டத்தோடு ஒரு நாள் உழைப்பும் போயிற்று. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் 'கவ்பே' என்னும் இணையவழிக் கொடுப்பனவு முறையைத் தொடக்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் குருநாகலுக்கும் அநுராதபுரத்துக்கும் இடைப்பட்ட வீதியில், நின்ற இடத்திலேயே கைத்தொலைபேசி வாயிலாகத் தண்டங்கட்டும் முறை பரீட்சிக்கப்பட்டது. அலைச்சலைக் குறைத்து, கையூட்டுக்கும் இடமளிக்காத இம்முறையை நாம் வரவேற்கிறோம்.

ஆயினும், தண்டம் விரைவாகச் சேர்வது வேறு. நீதி நிலைப்பது வேறு. 1935இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் உலகின் முதலாவது தரிப்பிட மானி நாட்டப்பட்டது. ஒருவரே நாள் முழுவதும் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல், கடைக்கு வருவோர் யாவரும் முறைமுறையாக இடம்பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். இது நமக்குப் புதிய பாடமன்று. இரணைமடு நீரை முறைவைத்துப் பாய்ச்சுபவர்கள் நாம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதைக் கமக்காரர் கூடியிருக்கும் கூட்டத்திலே, தமிழிலே பேசித் தீர்மானிக்கிறோம். அவ்வாறு தீர்ந்த விதியை மீறியவனுக்கு ஊரே பரிந்து பேசாது. வீதியோரமும் வாய்க்கால் நீரைப் போன்ற பொதுச்சொத்தே.

ஆகவே, கைத்தொலைபேசி கொண்டு தண்டம் அறவிடும் எந்த நகரிலும் மூன்று காரியங்கள் முன்னே நடத்தல் வேண்டும். முதலாவதாக, தரிப்பிடங்கள் கோடிட்டு வரையப்பட்டு, உழவு இயந்திரங்களுக்கும் அதில் இடம் ஒதுக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, அறிவித்தற் பலகையும், தண்டச் சீட்டும், தொலைபேசித் திரையும் தமிழில் அமைதல் வேண்டும். 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தப்படி வடக்குக் கிழக்கின் நிருவாக மொழி தமிழே. இது சலுகையன்று, சட்டம். மூன்றாவதாக, குற்றஞ்சாட்டும் உத்தியோகத்தர் இடமும் நேரமும் பதிந்த படத்தைச் சீட்டோடு இணைத்தல் வேண்டும். சாரதியைக் கண்காணிக்கும் கருவி, உத்தியோகத்தரின் நேர்மைக்கும் சாட்சியாகட்டும். திறன்பேசி இல்லாத முதியவருக்குத் தபாலகக் கதவும் திறந்தே இருக்கட்டும்.

கரைச்சிப் பிரதேச சபை கமக்கார அமைப்புகளையும் வணிகர்களையும் பொலிஸாரையும் ஒரே மேசைக்கு அழைக்கட்டும். இடம் காட்டப்படட்டும், விதி தமிழில் எழுதப்படட்டும். அதன் பின்னர் மீறுவோன் தண்டங்கட்டட்டும். அவனுக்காக நாம் வாதாட வரோம்.