வலியின் வாயிலும் மார்பின் மருந்தும்

சித்தூர், திருப்பதிப் பக்கங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் யாருக்கேனும் புற்றுநோய் கண்டால் வேலூருக்கோ, திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்வது வழக்கம். நோய் முற்றி வலி மிகும்போது வைத்தியர் மார்பின் எழுதித் தருவதுண்டு. அது அபினிலிருந்து எடுக்கப்படுவது என்று கேட்டவுடனே, “வேண்டவே வேண்டாம்” என வீட்டுப் பெரியோர் மறுத்துவிடுகின்றனர். அம்மருந்து உடலில் செய்யும் வேலையை அறிந்தால் அச்சத்தில் எவ்வளவு நியாயம் உண்டென்பது விளங்கும்.

உடலில் நோவு எழுந்தால் அச்செய்தி மின்னதிர்வாக நரம்பின் வழியே தண்டுவடத்தை அடைகிறது. அங்கே ஒரு நரம்பணு முடிந்து மற்றொன்று தொடங்குகிறது. காட்பாடியில் இறங்கி வேறு வண்டி ஏறுவதுபோல, செய்தியும் அங்கே வாகனம் மாற வேண்டும். மின்னதிர்வு நரம்பின் நுனியை எட்டியதும் அங்குள்ள கால்ஷியம் வாயில்கள் திறக்கின்றன. அணுவின் உள்ளே இருப்பதைவிட வெளியே கால்ஷியம் ஏறத்தாழ 10,000 மடங்கு மிகுதியாதலின், அது உள்ளே பாய்கிறது. உடனே நுனியிலுள்ள நுண்பைகளிலிருந்து இரசாயனப் பொருள் வெளிப்பட்டு அடுத்த நரம்பணுவைத் தூண்டுகிறது. கால்ஷியம் குறைந்தால் செய்தியும் மெலியும்.

இவ்வாயிலுக்குக் காவலாக அமைந்ததே ஜி-புரதம். இதனைக் கண்டறிந்தமைக்காகக் கில்மன், ராட்பெல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் 1994-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். அதற்கு ஆல்பா, பீட்டா, காமா என மூன்று பகுதிகள். மார்பின் நரம்பணுவின் மேலுறையிலுள்ள ஏற்பியில் பொருந்தியதும், பீட்டாவும் காமாவும் இணைபிரியாமல் ஆல்பாவை விட்டு விலகி, அருகிலுள்ள கால்ஷியம் வாயிலைப் பற்றிக்கொள்கின்றன. வாயில் திறக்கத் தயங்குகிறது. வலிச் செய்தி தளர்கிறது. இந்த இணையே வாயிலைப் பற்றுகிறது என்பது 1996-இல் வெளியான ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. மார்பின் வலியைத் தணிக்கும் முக்கிய வழிகளுள் இஃது ஒன்று.

நம் உடல் தானே சுரக்கும் எண்டார்பினும் இதே ஏற்பியைத்தான் நாடுகிறது. ஆகவே மார்பின் உடலுக்கு முற்றிலும் அயலான வழியில் செல்வதன்று. இருக்கின்ற காவலையே பலப்படுத்துகிறது. மேலும் இக்காவல் பூட்டன்று, பிடிப்பே. வலிய மின்னதிர்வுகள் அடுத்தடுத்து வந்தால் பிடி சற்றே நெகிழும்.

அச்சத்திற்குக் காரணமே இல்லையென்று கூறலாகாது. அளவு மிஞ்சினால் மூச்சு தளரும். குடல் நரம்புகளிலும் இம்மருந்து வினை புரிவதால் மலச்சிக்கல் உண்டாகும். நாளடைவில் உடல் பழகிவிடுவதால் அளவைக் கூட்ட நேரலாம். திடீரென நிறுத்தலும் கூடாது. ஆனால் உடல் பழகுதல் வேறு, போதைக்கு அடிமையாதல் வேறு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளிலும் மார்பின் கிடைப்பது அரிதாயிற்று. அந்நிலையைத் தளர்த்தவே 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது.

வலியைச் சகித்துக் கிடப்பது தவமன்று. வைத்தியர் மார்பின் தந்தால் மறுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அளவு என்ன? எத்தனை மணிக்கு ஒருமுறை? மலச்சிக்கலுக்கு உடன் தரும் மருந்து எது? விடைகளைத் தாளில் எழுதி, நோயாளியைக் கவனிப்பவர் கையில் கொடுத்து வையுங்கள்.