சோடி கிடைத்தவனெல்லாம் சூரனல்லன்

கல்லடிப் பாலத்துக்கு அப்பால், வாவிக்கரை வீடொன்றில், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் சிலர் போக்கர் ஆடியதை அண்மையில் ஓரிரவு முழுவதும் பார்த்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் பந்தயத் தொகை வரையறுக்கப்பட்ட 'லிமிட்' ஆட்டம். ஊர்க்காரர் ஒருவரும் கலந்துகொண்டார். 304 ஆட்டத்தில் அவரை வெல்ல அந்தப் பக்கத்தில் ஆளில்லை. ஆனால் விடியும்போது அதிகம் இழந்திருந்தவரும் அவரே. காரணம் கேட்டேன்.

"கையில சோடி இருக்கக்குள்ள எப்பிடி மச்சான் விடுற?"

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. பத்திரிகைக்காரனுக்குச் சூதாட்டத்தில் என்ன வேலை என்று கேட்போர், கணக்கைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

முதல் இருக்கையில் இருப்பவர் பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறார். அவருக்குப் பின்னால் முழு மேசையும் காத்திருக்கிறது. அப்படியிருந்தும் உயர்த்துகிறார் என்றால் அவரிடம் ஏதோ இருக்கிறது. நம்மவரிடம் இரண்டு எட்டுகள். உயர்த்தியவர் நிதானக்காரராயின், அவர் கையில் எட்டைவிடப் பெரிய சோடி இருக்கலாம். அல்லது ஏஸும் ராசாவும் போன்ற இரு பெரிய சீட்டுகள் இருக்கலாம். பெரிய சோடியிடம் எட்டுகள் வெல்வது ஐந்தில் ஒரு தடவை. ஏஸ்-ராசாவிடம், கடைசிச் சீட்டுவரை போனால், நூற்றுக்கு ஐம்பத்தைந்து.

"மூன்றாவது எட்டு வந்தால் அள்ளிவிடலாமே" என்பார்கள். மேசையில் விரிக்கப்படும் முதல் மூன்று சீட்டுகளில் அது வருவது ஏறத்தாழ எட்டரைக்கு ஒரு தடவைதான். எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வருவதோ நூற்றுக்கு எண்பத்தேழு. மூன்றாவது எட்டை மட்டுமே நம்பி இரண்டு பந்தயம் போடுபவர், அது வரும்போது பதினைந்தாவது வென்றாக வேண்டும். எதிராளி ஒருவரே என்றால் எவ்வளவு கிடைக்கும்? அவருடைய இரண்டு, கட்டாயப் பந்தயங்கள் ஒன்றரை, பிந்திய மூன்று சுற்றுகளில் ஐந்து: மொத்தம் எட்டரை. அவர் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகக் கொடுத்தாலும் பதின்மூன்றரை. அதற்கு மேல் பறிக்க 'லிமிட்' ஆட்டத்தின் வரையறை எளிதில் விடாது.

ஆகவே வழி மூன்று. உயர்த்தியவர் நிதானக்காரர் என்றால் சீட்டை வைத்துவிடுங்கள். கண்டதற்கெல்லாம் உயர்த்துபவர் என்றால் மேலும் உயர்த்தி, மற்றவர்களை விரட்டி, அவரைத் தனியே பிடியுங்கள். ஏற்கெனவே நாலைந்து பேர் பணம் போட்டிருந்தால் மட்டும் கூடவே போங்கள். "போய்த்தான் பார்ப்போமே" என்று தனியொருவர் பின்னால் பணம் போடுவது துணிவுமன்று, நிதானமுமன்று. தவணை முறையில் தோற்பது.

நம்மவருக்கு இது ஏன் புரியவில்லை? 304 அவரை வளர்த்த விதம் அப்படி. முப்பத்திரண்டு சீட்டு, முதல் நான்கைப் பார்த்தே கேள்வி கேட்க வேண்டும், குறைகிறதை எதிரே இருக்கும் கூட்டாளி நிரப்புவான். கேட்காதவனும் எட்டுச் சீட்டையும் இறுதிவரை ஆடியே தீர வேண்டும். கிடைத்த கையைக் கீழே வைக்கும் உரிமை அங்கே எவருக்கும் இல்லை. அந்த ஆட்டத்துக்கு அது அழகு. போக்கரில் எதிரே இருப்பவன் கூட்டாளியல்லன். அவன் உயர்த்துவது அழைப்புமல்ல.

போக்கர் சூதா, திறமையா என்று வழக்காடுகிறார்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திறமை ஆட்டம் என ஏற்றது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமோ அந்தப் பேதமே பாராமல், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. திறமை என்று வாதிடுவோரிடம் ஒன்று சொல்வேன்: இளைஞர்களுக்கு முதலில் எட்டுச் சோடியை எறியக் கற்றுக்கொடுங்கள். அதைக் கற்காதவனுக்கு இது சூது மட்டுமே.

நம்மவர் காலையில் வாவிக்கரையில் பேசாமல் நின்றார். "இனி 304 மட்டுந்தான்" என்றார். அன்றிரவு அவர் எடுத்த முதற் சரியான முடிவு அது.