குற்றவாளி பள்ளிக்கூடப் பிள்ளையா?

"கடலைக் காப்போம்! பிளாஸ்டிக்கை ஒழிப்போம்!" என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வெயிலில் ஊர்வலம் போகிறார்கள். நல்ல காரியந்தான். கடலையே பாராத திருவேங்கடத்துப் பிள்ளைக்கும் கடல்மீது அக்கறை வேண்டும். குற்றாலத்து அருவிநீர் சிற்றாறாக ஓடி, தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் விழுகிறது. அருவிக்கரையில் எறிந்த ஷாம்பு பாக்கெட், மீனவத் தோழனின் வலைவரை போகும். இதைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும்.

ஆனால் நாம் கேட்கிறோம்: பாடம் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது? எறிந்தவன் யார் என்று சொல்லித் தருகிறவர்கள், செய்து விற்றவன் யார் என்று ஏன் சொல்லித் தருவதில்லை?

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் தாய் பாக்கெட் ஷாம்பு வாங்குகிறாள். ஆசைப்பட்டா? இல்லை, பாட்டில் வாங்கக் கூலி போதாது. அன்றாடக் கூலிக்கு அன்றாடப் பாக்கெட்! பல அடுக்குப் படலம் ஒட்டிய அந்தப் பாக்கெட்டைப் பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடைக்கு எடுப்பதில்லை. லாபம் கம்பெனிக்கு, குப்பை நம் தெருவுக்கு, பழி நம் பிள்ளைக்கு! இது என்ன நியாயம்?

சட்டம் இல்லையா என்பார்கள். இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பொருள்களுக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் 19 வகைப் பொருள்களுக்குத் தடை. டீக்கடைக்காரரின் கப்பும், பூ விற்கும் அம்மாளின் பையும் சட்டத்தின் கண்ணில் பட்டன. அந்த 19-இல் ஷாம்பு பாக்கெட்டைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது! பாக்கெட்டில் அடைத்து விற்கிற கம்பெனியே அந்தக் குப்பைக்குப் பொறுப்பு என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. காகிதத்தில் உள்ள அந்தப் பொறுப்பு நம் வாய்க்கால் கரைக்கு எப்போது வரும்?

கடலில் நடந்ததையும் பாருங்கள். 2021-இல் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கப்பல் எரிந்து மூழ்கியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை அதில் இருந்தது. இலங்கைக் கரைகளில் மணலோடு மணலாக ஒதுங்கியது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியது. குருணை நம் குமரிக் கரைக்கும் வந்தது. இதை எந்தப் பள்ளிப் பிள்ளை எறிந்தான்?

உலகில் ஆண்டுதோறும் 40 கோடி டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் உற்பத்தியாகிறது. மறுசுழற்சிக்குப் போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உற்பத்திக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று பல நாடுகள் கோரின. எண்ணெய் நாடுகள் மறுத்தன. 2025 ஆகஸ்டில் ஜெனீவா மாநாடு உடன்பாடின்றிக் கலைந்தது. குழாய் திறந்தே கிடக்க, தரையைத் துடைக்கும் வேலை மட்டும் ஏழையின் தலையில்!

ஆகவே நாம் கோருவது இதுதான்: பாக்கெட்டை விற்கிறவனே திரும்ப எடுக்கட்டும். கிராமங்களிலும் குப்பை வண்டி தவறாமல் வரட்டும். நம் குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளருக்கு நிரந்தர வேலையும், கையுறையும், நியாயமான சம்பளமும் கிடைக்கட்டும்.

தோழர்களே! பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லுங்கள். குப்பையைத் தெருவில் போடாதிருக்கப் பழக்குங்கள். கூடவே, "இதைச் செய்தவன் யார்? லாபம் யாருக்கு?" என்று கேட்கவும் பழக்குங்கள். அந்தக் கேள்வியைக் கற்ற பிள்ளையே நாளை கடலைக் காப்பான்!