பழுதின் மூலத்தைத் தேடுவோம்

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் முடிச்சிட்டு மேலே நெய்கிறார். அதே இழை அதே இடத்தில் மூன்றாம் முறையும் அறுந்தால், அவர் முடிச்சோடு நின்றுவிடுவதில்லை. தறியை நிறுத்தி விழுதின் கண்ணைத் தடவிப் பார்க்கிறார். அச்சுப் பல்லில் பிசிர் உண்டா என்று நோக்குகிறார். குற்றம் இழையில் இல்லை, அதை அறுப்பது வேறொன்று என்பது அவருக்குத் தெரியும். தறியடியில் உள்ள இந்த அறிவு, சங்க அலுவலகத்துக்குள் வரும்போது மட்டும் நம்மை விட்டுப் போய்விடுகிறது.

பிள்ளையார்பட்டியைச் சுற்றியுள்ள எங்கள் வட்டாரத்தில் ஒரு நெசவாளர் சங்கம் உண்டு. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் கரைக்காக, ஜக்கார்டு அட்டை துளைக்கும் இயந்திரம் ஒன்றை அச்சங்கம் வாங்கிற்று. அதில் இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள். ஒரு சுற்றை 200 அடிகளாகப் பிரித்து, அடிக்கு 1.8 பாகை வீதம் திரும்பும் மோட்டார்கள் அவை. ஒன்று அட்டையை நகர்த்தும். மற்றது துளைக்கும் தலையோடு இடமும் வலமுமாகப் போய்வரும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தை அளந்து கொடுக்க, கட்டுப்பாட்டுப் பலகையில் ஏ4988 என்னும் டிரைவர் சிப்பு ஒன்று உண்டு.

நான்கு மாதத்தில் மூன்று முறை சிப்பு எரிந்தது. மூன்று முறையும் பழுது பார்ப்பவர் வந்து புதிய சிப்பைப் பொருத்திவிட்டுப் போனார். மூன்றாம் முறை, அதிக மின்னழுத்தம் தாங்கக்கூடிய டிஆர்வி8825 என்னும் சிப்பைப் பொருத்தினார். அதுவும் எரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். சிப்பின் விலை சில நூறு ரூபாய். ஆனால் அட்டை வராமல் தறிகள் நின்ற நாட்களின் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

இங்கே என் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மூன்று செலவுச் சீட்டுகளையும் நான் பார்த்தேன். ரசீது இருந்தது, நிர்வாகக் குழுவின் தீர்மானம் இருந்தது, கையொப்பமிட்டேன். ஒரே செலவு மூன்று முறை ஏன் வந்தது என்று கேட்கவில்லை. கேட்டவர் ஒரு முதிய அங்கத்தினர். “ஐயா, இரண்டு சிப்பு இருக்கிறது, எப்போதும் தலைப் பக்கத்துச் சிப்புதானே எரிகிறது? அட்டைப் பக்கத்துச் சிப்பு ஏன் எரியவில்லை?” என்றார். பழுதுக்குப் பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

இத்தகைய சிப்பு எரிவதற்குக் காரணங்கள் சிலவே. ஏ4988 தாங்கும் மின்னழுத்தம் 35 வோல்ட். மின்வழங்கியிலிருந்து வரும் கம்பி நீளமாகி, சிப்பின் அருகில் கெப்பாசிட்டரும் இல்லாவிட்டால், சுவிட்சைப் போடும் கணத்தில் எழும் அலை, 12 வோல்ட் இணைப்பிலும் அந்த எல்லையைத் தாண்டக்கூடும். மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை அளவுக்கு மேல் வைத்தாலோ, வெப்பம் வெளியேறும் தகட்டில் பஞ்சுத் தூசி போர்வைபோல் படிந்தாலோ சிப்பு சூடேறும். ஏ4988இன் உச்ச அளவு 2 ஆம்பியர் என்றாலும், தகடும் காற்றும் இல்லாதபோது ஏறக்குறைய 1 ஆம்பியருக்கு மேல் அதை நம்பலாகாது. எல்லாவற்றிலும் கொடியது, மின்சாரம் ஓடும்போதே மோட்டாரின் இணைப்பு விட்டுப்போவது. சுருளில் ஓடும் மின்சாரம் திடீரென அறுபட்டால், அச்சுருள் உயர்ந்த மின்னழுத்தத்தை எழுப்பிச் சிப்பின் மீதே திருப்பும். சூட்டைக் கண்டால் தானே அணையும் காப்பு சிப்புக்குள் உண்டு. அந்த அடிக்கு அது துணை நிற்பதில்லை.

முதியவரின் கேள்விக்குப் பிறகு செய்த சோதனை மிக எளியது. மின்சாரத்தை நிறுத்தி, மோட்டார் கம்பியைப் பலகையிலிருந்து கழற்றி, இரண்டு சுருள்களின் தடையையும் மல்டிமீட்டரால் அளந்தார்கள். அளவுகள் ஒத்திருந்தன. பிறகு துளைக்கும் தலையைக் கையால் மெல்ல நகர்த்திக்கொண்டே அளந்தார்கள். ஓரிடத்தில் மீட்டரின் எண் துள்ளிற்று. ஓயாமல் வளைந்து நிமிர்ந்த கேபிளுக்குள்ளே, உறை பிரியாமலே, செம்பிழைகள் அறுந்திருந்தன. வளையத் தகுந்த கேபிளை மாற்றி, புதிய சிப்பைப் பொருத்தினார்கள். அதன் பின் சிப்பு எரியவில்லை.

“இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? சிப்பு மலிவுதானே?” என்பவர் உண்டு. மலிவாக இருப்பதே இதில் உள்ள ஆபத்து. விலை மிகுந்த பொருளானால் முதல் முறையே விசாரித்திருப்போம். சிறு செலவு நம் கண்ணில் உறுத்துவதில்லை. பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினருக்கும் இது புதிதன்று. கிணற்று மோட்டார் எரியுந்தோறும் காயில் கட்டிக்கொண்டு வந்து, மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை விட்டுப்போகிறதா, மின்னழுத்தம் குறைகிறதா என்று பாராமல் மீண்டும் எரித்தவர்களை நாம் அறிவோம்.

ஆகவே சங்கங்களுக்கு மூன்று யோசனைகள். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு பழுதுப் பதிவேடு வேண்டும்: எந்தத் தேதி, எந்த உறுப்பு, அப்போது இயந்திரம் என்ன செய்துகொண்டிருந்தது என்பவை அதில் ஏற வேண்டும். ஒரே உறுப்பு இரண்டாம் முறை கெட்டால், காரணம் எழுதப்படாத செலவுச் சீட்டை நிர்வாகக் குழு ஏற்கலாகாது; நானும் இனி ஏற்பதாயில்லை. அங்கத்தினர் வீட்டு இளைஞர் ஒருவருக்கு மல்டிமீட்டரைப் பிடிக்கக் கற்பிக்க வேண்டும். கருவியின் விலை சிப்பு இரண்டு மூன்றின் விலைக்கு மேல் போகாது.

சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பணம். அது எங்கே, எதனால் கரைகிறது என்று கேட்கும் உரிமை, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கும் உண்டு. அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.