கேவி கூடினால் பவர் கூடாது!

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமும் உண்டு.

பிள்ளைகளுக்கு ரிமோட் விமானம் செய்து கொடுக்க யோசனை கேட்கும் பலர், மோட்டாரை வாங்கிய பிறகுதான் கேட்கிறீர்கள். "2200 கேவி சார், 1000ஐ விடப் பவர் ஜாஸ்தின்னு கடையில சொன்னாங்க." இப்படிச் சொல்லி விற்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேவி என்பது கிலோவோல்ட் இல்லை, குதிரைத்திறனும் இல்லை. சுமையில்லாமல், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு, அவ்வளவுதான். 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியில் 1000 கேவி மோட்டார் சுமார் 11,000 சுற்று, 2200 கேவி 24,000 சுற்று. வேகம் நல்லதுதானே என்பீர்கள். அங்கேதான் வினை! ஒரே ப்ரொப்பல்லரை இருமடங்கு வேகத்தில் சுற்ற எட்டு மடங்கு திறன் வேண்டும். கேவி ஏற ஏற ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசையோ குறையும். மேட்டில் பாரம் ஏற்றிய சைக்கிளை உச்ச கியரில் மிதிப்பது போல. 2200இல் 10 அங்குல ப்ரொப்பல்லரை மாட்டினால் அது மின்சாரத்தை அளவில்லாமல் இழுக்கும். செம்புக்கம்பியின் எனாமல் கருகும், கூடவே இஎஸ்சியும் போகும். அதே மோட்டார் 6 அங்குல ப்ரொப்பல்லரோடு, சின்ன வேக விமானத்தில் தங்கம். மோட்டார்மேல் குற்றமில்லை.

"யூடியூப்பில் பறக்குதே சார்?" பறக்கும். என்ன ப்ரொப்பல்லர், எத்தனை கிராம் என்று அவர் சொன்னாரா?

முதலில் விமானத்தை எடை போடுங்கள். பழகுவதற்கான விமானத்துக்குக் கிலோவுக்குச் சுமார் 200 வாட். 800 கிராம் என்றால் 160 வாட், 11 வோல்ட்டில் ஏறக்குறைய 15 ஆம்பியர். 9 அல்லது 10 அங்குல ப்ரொப்பல்லர், 1000 கேவி, 2212 அளவு மோட்டார், 30 ஆம்பியர் இஎஸ்சி. 2212 என்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் விட்டம் 22, உயரம் 12 மில்லிமீட்டர். எவ்வளவு சுமை தாங்கும் என்பதை இந்த எண்தான் காட்டும். இதை யாரும் பார்ப்பதே இல்லை.

புகை வந்ததும் திட்டு யாருக்கு? பிள்ளைக்கு. "உனக்கெதுக்கு இதெல்லாம், போய்ப் படி!" ஓம் விதியைக் கையால் தொட்டுப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை இழுத்துப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கிறீர்கள். விமானம் பரணுக்குப் போகிறது. என் கோபமெல்லாம் இதற்குத்தான், மோட்டார் விலைக்காக இல்லை.

அடுத்த முறை வாங்கும் முன் எடையையும் பேட்டரி வோல்ட்டையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன். முதல் சோதனையை ப்ரொப்பல்லர் மாட்டாமல் செய்யுங்கள். விரல் முக்கியம்.